ஆயிரம் கட்டு அடிப்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

பழமொழிகளை வைத்து ஒரு சீட்டு விளையாட்டு உருவாக்கியிருக்கிறேன். சீட்டில் உள்ள பழமொழியை ஒருவர் வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 120 சீட்டு, ஒரு மணல் கடிகாரம், மதிப்பெண் அட்டை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. சிவகாசியில் விசாரித்தேன், ஆயிரம் கட்டு அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். சேமிப்பை எடுத்து அடித்துவிடலாமா? யாராவது யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்,

ஆயிரம் இப்போது வேண்டாம். முதலில் டிஜிட்டல் பிரிண்டில் ஐம்பது கட்டு போடுங்கள். ஒரு கட்டின் விலை கூடத்தான் செய்யும். அச்சகத்தார் ஆயிரம் என்று சொல்வதிலும் தப்பில்லை. ஆஃப்செட் முறையில் அச்சுக்கான பிளேட்டுக்கும் சீட்டை வெட்டும் டைக்கும் ஆகும் செலவு, நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆனால் விற்காத கட்டுகள் உங்கள் வீட்டில்தான் கிடக்கும், அச்சகத்தில் அல்ல.

ஊனோ சீட்டு விளையாட்டின் தொடக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ரீடிங் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் 1971-ல் உருவாக்கினார். குடும்பமாகச் சேர்ந்து 8,000 டாலர் புரட்டி 5,000 கட்டு அடித்தார்கள். முதல் விற்பனை அவருடைய கடையிலேயே நடந்தது. பின்னால் 50,000 டாலரும், விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் பத்து சென்ட்டும் என்று பேசி உரிமையைக் கொடுத்தார். 'அவர் 5,000 அடித்தாரே, நான் ஆயிரம் அடிக்கக் கூடாதா' என்று கேட்பீர்கள். ஊனோ, அங்கே பலரும் ஆடிக்கொண்டிருந்த 'கிரேஸி எயிட்ஸ்' என்ற பழைய ஆட்டத்தை ஒட்டி எழுந்தது. வாங்குகிறவருக்குப் பாதி விதி முன்பே தெரியும். உங்கள் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு அனுகூலம் உண்டு: படப்பெயரை நடித்துக் கண்டுபிடிக்கும் டம்ப் ஷராட்ஸை நம் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் ஆடியிருப்பார்கள். மீதி விதிகளைத்தான் சோதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பிடித்ததை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அங்கே நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறீர்கள். விற்ற கட்டோடு உங்களால் போக முடியாது. உங்களைத் தெரியாத ஒரு குடும்பத்திடமோ ஹாஸ்டல் பிள்ளைகளிடமோ கட்டையும் விதித்தாளையும் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக உட்காருங்கள். ஒரு வார்த்தை பேசக் கூடாது. உதட்டை மட்டும் அசைக்கலாமா, அறையில் இருக்கும் பொருளைத் தொட்டுக் காட்டலாமா, 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பதை 'யானையும் வழுக்கி விழும்' என்று சொன்னால் புள்ளி உண்டா? இப்படி ஏதோ ஒன்றில் ஆட்டம் நின்று, நாலு பேரும் விதித்தாளைத் தேடுவார்கள். தேடும் இடத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டியது அங்கேதான். இதற்கு அச்சடித்த சீட்டுகூட வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் பழைய ரம்மி சீட்டு ஒன்று, அதன் முன்னால் கையால் எழுதிய துண்டுத்தாள், அவ்வளவு போதும்.

அப்புறம், 120 அதிகம். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டில் 54 சீட்டு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கனம் வரும், கைப்பைக்குள் போய்விடும். 120 என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சீட்டுக்கட்டு அடிக்கும் பல இடங்களில் ஒரு பெரிய தாளில் 54 அல்லது 55 சீட்டு அமைப்பார்கள். அப்படியானால் 120-க்கு மூன்றாவது தாள் ஓட வேண்டும். ஊனோவின் பழைய கட்டு 108, சரியாக இரண்டு 54. ஜப்பானில் செய்ஜி கனாய் 2012-ல் வெளியிட்ட 'லவ் லெட்டர்' ஆட்டத்துக்கு மொத்தமே 16 சீட்டுதான், அது உலகம் முழுக்கப் போனது. உங்களுக்கு 54 போதும், ஒவ்வொன்றிலும் எளிதாக ஒன்று, கடினமாக ஒன்று என்று இரண்டு பழமொழி போடுங்கள். 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பதை நடித்துவிடலாம், 'இக்கரைக்கு அக்கரை பச்சை' திணறடிக்கும். சாதியையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பழமொழிகள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றுகூட வேண்டாம். கட்டைப் பிரித்து ஆடப்போவது யார் யார் என்று நமக்குத் தெரியாது, ஒருவர் மனம் நோகும் இடமாக அந்த ஆட்டம் ஆகிவிடக் கூடாது.

மணல் கடிகாரத்தையும் மதிப்பெண் அட்டையையும் எடுத்துவிடலாம். நேரத்துக்கு எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. கண்டுபிடித்தவர் அந்தச் சீட்டையே வைத்துக்கொண்டால் அதுவே புள்ளி. ரயிலில் மேசை கிடையாது, ஜன்னல் காற்று வேறு. கையில் பிடித்தே ஆட முடிந்தால்தான் பயணத்தில் ஆடலாம்.

அச்சகத்தில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். லேமினேஷன் இருபக்கமும் வேண்டும், ஒருபக்கம் மட்டும் போட்டால் மழைக்காலத்தில் சீட்டு வளைந்துவிடும். சீட்டின் பின்பக்கத்தில் மெல்லிய வெள்ளை ஓரம் வைக்காதீர்கள், வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோணல் பளிச்சென்று தெரியும். படத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

திருட்டு பற்றி. ஆட்டத்தின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, பழமொழிகளும் ஊர்ச்சொத்து. நீங்கள் எழுதும் விதித்தாளின் வாசகத்துக்கும் ஓவியத்துக்கும் உரிமை உண்டு. பெயரையும் சின்னத்தையும் வர்த்தகக் குறியாகப் பதிவுசெய்யலாம், அதை ஐம்பது கட்டு விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பயத்தால் அந்நியர்களிடம் ஆடக் கொடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்