அமெரிக்கா மதச்சார்பற்ற நாடு என்கிறார்களே, அப்புறம் ஏன் தேர்தலில் இவ்வளவு மதம்?

சட்டத்தில் இல்லைதான். பதவிக்கு வர மதத் தகுதி கேட்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவே சொல்கிறது. ஆனால் ஓட்டுப் போடுகிறவர் மனதை எந்தப் பிரிவு கட்டுப்படுத்தும்? கத்தோலிக்கரான கென்னடி, 1960-ல் ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, போப் சொல்படி ஆட்சி நடத்தமாட்டேன் என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்றைய கதை 1970-களின் கடைசியில் தொடங்குகிறது. அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் நடத்தியவர். ஆனாலும் 1980-ல் வெள்ளை இவாஞ்சலிக்கர்களில் (பைபிளே இறுதி வார்த்தை என்று நம்பும் புராட்டஸ்டன்ட் பிரிவினர்) பெரும்பாலோர் அவரை விட்டுவிட்டு, விவாகரத்தான ஹாலிவுட் நடிகர் ரீகன் பக்கம் போனார்கள். பக்தியைவிடக் கருக்கலைப்பு போன்ற விவகாரங்கள் முக்கியமாகிவிட்டன. மூன்று கல்யாணம் செய்த டிரம்புக்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அவர்கள் தேடியது போதகரை அல்ல, நீதிபதிகளை நியமிப்பவரை. டிரம்ப் நியமித்த மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் சேர்ந்த பெரும்பான்மைதான், கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ தீர்ப்பை 2022-ல் ரத்து செய்தது.

சரி, மதம் என்றாலே குடியரசுக் கட்சியா? இல்லை. கறுப்பின தேவாலயங்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பலம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் வேன் நிற்கும். பாட்டிமார் போட்டிருக்கும் தொப்பியோடு ஏறி, நேராக முன்கூட்டிய வாக்குப்பதிவு மையத்துக்குப் போவார்கள். 2021-ல் ஜார்ஜியாவில் இந்த ஞாயிறு வாக்குப்பதிவைக் குறைக்க மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மசோதாவிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டார்கள்.