பழைய பாலிசிக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. பெருந்துறையில் ஒரு தனியார் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை. மாதம் 48,000 ரூபாய் சம்பளம், பி.எஃப். பிடித்தம் உண்டு. சென்ற டிசம்பரில் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். எனக்குத் தனியார் பள்ளியில் 18,000 ரூபாய் சம்பளம். வீட்டுக்கடன் 11 லட்சம் பாக்கி. 2017-இல் எடுத்த 50 லட்சம் டேர்ம் பாலிசியும் (இறந்தால் மட்டும் பணம் தருவது), 3 லட்சத்துக்கு ஒரு எண்டோமென்ட் பாலிசியும் (சேமிப்பும் சேர்ந்தது) இருக்கின்றன. கொழுந்தனாரின் விசைத்தறிக்காகக் கணவர் தன் பெயரில் 10 லட்சம் தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தவணையை நாங்களே கட்டும்படி ஆகிவிட்டதால், டேர்ம் பிரீமியத்துக்கான தேதி கடந்து 21 நாள்களாகியும் கட்டவில்லை. மாரடைப்பு வந்தது தெரிந்தால் எப்படியும் பணம் தரமாட்டார்கள் என்கிறார்கள். புதிய பாலிசிக்கு ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது. இன்னொன்று ஓராண்டு கழித்து வரச் சொன்னது. ஸ்டென்ட் பற்றி எழுதாமல் விண்ணப்பிக்கலாம், மூன்று வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை என்கிறார் ஒரு முகவர். கொழுந்தனார் மேலும் 3 லட்சம் கேட்பதோடு, வேலையை விட்டுவிட்டுத் தன் தறிக்கூடத்துக்கே வந்துவிடும்படியும் அண்ணனை அழைக்கிறார். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் ஊரெல்லாம் தேடும் பாலிசி உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் ஒரு மருத்துவக் கேள்வியும் கேட்கமாட்டார்கள். இந்த 30 நாள்களுக்குள் அசம்பாவிதம் நேர்ந்தாலும், கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தர நிறுவனம் கடமைப்பட்டது. ஆனால் முப்பதாவது நாள் தாண்டிவிட்டால் பாலிசி காலாவதியாகும். அதைப் புதுப்பிக்க ஐந்தாண்டு அவகாசம் இருந்தாலும், அப்போது உடல்நிலை பற்றிய உறுதிமொழி கொடுக்க வேண்டும்; அந்தத் தாளில் மாரடைப்பை எழுதியாக வேண்டும்; எழுதினால் நிறுவனம் மறுக்கலாம். சென்ற ஆண்டு நீங்கள் கட்டியது 11,400 ரூபாய். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டுவிட்டதால் இப்போது கட்ட வேண்டியது சுமார் 9,660 ரூபாய்தான். மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இதைக் கட்டுங்கள்.

மாரடைப்பு தெரிந்தால் பணம் வராது என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். பாலிசி எடுத்த நாளில் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். அதன் பிறகு வரும் நோயை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதைக் காரணம் காட்டிப் பாலிசியை ரத்து செய்யவும் முடியாது. மேலும், காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்கிறது. 2017-இல் எடுத்த பாலிசி அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. அதைக் காலாவதியாக விட்டுப் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்து அந்த மூன்றாண்டுக் கணக்கு மறுபடி தொடங்கும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாலிசிப் பத்திரத்தை எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். தீவிர நோய் ரைடர், அதாவது பெரிய நோய் வந்தாலே பணம் தரும் கூடுதல் பிரிவு, சேர்த்து எடுத்திருந்தால், முதல் மாரடைப்புக்கே அதில் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. ஸ்டென்ட் வைத்தது மட்டும் பெரும்பாலும் போதாது. மாரடைப்பு என்பதை ஈ.சி.ஜி. மாற்றமும் இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிராபோனின் இரத்தப் பரிசோதனையும் காட்ட வேண்டும். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கும். ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல், தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி விண்ணப்பியுங்கள்.

இனி, எவ்வளவு காப்பீடு தேவை என்று தோராயமாகப் பார்ப்போம். கணவர் இல்லாத நிலையில் வீட்டுச் செலவு மாதம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் சம்பளம் போக 14,000 ரூபாய் துண்டு விழும். ஆண்டுக்கு 1.68 லட்சம், வட்டியும் விலைவாசியும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று கொண்டால் 15 ஆண்டுகளுக்கு சுமார் 25 லட்சம். வீட்டுக்கடன் 11, பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 15, தனிநபர் கடன் பாக்கி 6.8, ஆக மொத்தம் 58 லட்சம். உங்களிடம் இருப்பது டேர்ம் 50, எண்டோமென்ட் 3, அதோடு நீங்கள் கணக்கிலேயே எடுக்காத இ.டி.எல்.ஐ. காப்பீடு. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், மருத்துவப் பரிசோதனையோ தனிப் பிரீமியமோ இல்லாமல் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். உங்கள் கணவரின் சம்பளத்துக்கும் சேவைக் காலத்துக்கும் முழுத் தொகையுமே கிடைக்கக்கூடும். கூட்டிப் பார்த்தால் 60 லட்சம். பற்றாக்குறை இல்லை.

கூடுதலாக ஏதாவது வேண்டும் என்றால், வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேருங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் காப்பீடு, 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயது வரை தொடரலாம். முதல் 30 நாள்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் வரும்.

முகவர் சொல்லும் வழியில் போகாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் மருத்துவமனைப் பதிவுகளைத் தேடிப் பிடித்து விசாரிக்கும். வேண்டுமென்றே மறைத்தது உறுதியானால் காப்பீட்டுத் தொகை மட்டுமல்ல, கட்டிய பிரீமியமும் போய்விடும். இதய நோயாளிக்கு ஆபத்து மிகுந்த அதே மூன்று ஆண்டுகளைப் பாதுகாப்பில்லாமல் கடத்தச் சொல்வது ஆலோசனை ஆகாது. மருத்துவக் கேள்வியே இல்லை என்று விற்கப்படும் உத்தரவாத வருமானத் திட்டமும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டி 10 லட்சம் காப்பீடு பெறும் நிலையில் உங்கள் குடும்பம் இல்லை.

நேர்மையான வழி மெதுவானது. மாரடைப்புக்கு ஓராண்டாவது கழிந்த பின் எக்கோவில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு, டிரெட்மில், சர்க்கரை, கொழுப்பு முடிவுகள் நன்றாக இருந்தால், சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்தில் தரும். இரட்டிப்பாகக் கேட்டாலும் வியப்பில்லை. அதுவரை யாரிடமும் விண்ணப்பிக்காதீர்கள். ஏனெனில் "இதற்கு முன் எந்த நிறுவனமாவது மறுத்ததா, தள்ளிவைத்ததா" என்ற கேள்வி எல்லா விண்ணப்பத்திலும் உண்டு. ஏற்கெனவே நடந்த இரண்டையும் நீங்கள் எழுதியாக வேண்டும்; மூன்றாவதைச் சேர்க்க வேண்டாம். நேரம் வரும்போது, விண்ணப்பிக்காமலே மருத்துவ அறிக்கைகளைக் காட்டி நிறுவனத்தின் கருத்தைக் கேட்டுச் சொல்லும் ஆலோசகர் ஒருவரைப் பிடியுங்கள்.

இப்போது உங்களை உண்மையிலேயே ஆபத்தில் தள்ளியிருப்பதற்கு வருகிறேன். கொழுந்தனாருக்காக வாங்கிய 10 லட்சம் தனிநபர் கடன்: 14 சதவீத வட்டி, ஐந்தாண்டு, மாதம் 23,270 ரூபாய் தவணை. முடிந்த 24 மாதங்களில் கொழுந்தனார் கட்டியது பத்து மாதம் என்று உடன் இணைத்த தாளில் குறித்திருக்கிறீர்கள். மீதிப் பதினான்கு மாதத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து போனது 3.26 லட்சம். டேர்ம் பாலிசி முடிய இன்னும் 18 பிரீமியங்கள். எல்லாம் சேர்ந்தும் 1.74 லட்சம்தான். தம்பிக்காகக் கொடுத்த பணத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கடைசி வரை கட்டி முடித்து, கிட்டத்தட்ட பாதி மிச்சமும் வைத்திருக்கலாம். அப்படியிருக்க, 9,660 ரூபாய்க்கு வழியில்லாமல் பாலிசியைக் கைவிடும் நிலைக்கு வந்தது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மேலும் 3 லட்சம் கொடுக்கவே கூடாது. அண்ணன் தம்பி உறவை நான் குறைத்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட்ட ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்த மாதங்களிலும் தவணையை அனுப்பாத தம்பியிடம், அன்பாக ஆனால் தெளிவாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றுதான் சொல்கிறேன். தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தொகை தானாக வரும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுக்கச் சொல்லுங்கள். தொழில் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால், ஒரு தறியை விற்றாவது பாக்கியைக் குறைக்கட்டும்.

வேலையை விடும் பேச்சையும் இத்துடன் நிறுத்துங்கள். இ.டி.எல்.ஐ. பாதுகாப்பு பணியில் இருக்கும்வரைதான். ஆலையின் குழு மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் அன்றோடு போகும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் புதிய மருத்துவப் பாலிசி கிடைத்தாலும், இதய நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டுக்கு வரும்போது, பிரீமியம் கட்டிய ரசீதையும், பி.எஃப். இணையதளத்தில் உங்கள் பெயரில் செய்த வாரிசு நியமனத்தின் (நாமினி) நகலையும் முதலில் கோப்பில் வைத்துவிட்டு, அதன் பிறகு பேச உட்காருங்கள்.