எம்.ஏ.வா, பி.எட்.டா? மன்னார்குடி அம்மாவுக்கு

அம்மா, மகள் எம்.ஏ. படித்துக் கொள்கை ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள், அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் தெருவிலிருந்தே சொல்கிறேன். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். ஆயுள் முழுக்க நடவும் களையெடுப்புமாக இருந்த ஒரு பாட்டிக்கு வயதான காலத்தில் அரசிடமிருந்து கைக்கு வரும் பணம் பெரும்பாலும் இவ்வளவுதான். மனு எந்த மேசையில் தேங்குகிறது, தொகையை உயர்த்தினால் கஜானாவுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கோடு சொல்ல ஆள் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. மாதாமாதம் மெடிக்கலில் வாங்கும் சர்க்கரை மாத்திரை அதில் வராது. அந்தச் செலவு குடும்பத்தை என்ன செய்கிறது? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கூலி பாக்கிக்காக யார் அந்தப் படியேறுகிறார்கள்? இவற்றைத் தேடிப் போகிற வேலை இது.

இதில் உங்கள் மகளுக்கு ஊரே பலம். நடவு நேரத்தில் கூலி பற்றிக் கேட்டால் ஒரு பதில் வரும், வேலையில்லாத மாதத்தில் கேட்டால் வேறு பதில் வரும். சொந்த நிலத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் ஒன்றை ஒளிக்க மாட்டேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பெண் பார்க்க வருகிறவர்கள் "பர்மனென்டா?" என்றால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு வழிகள் உண்டு. பொருளியலில் எம்.ஏ. இருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை 30 வயது வரை எழுதலாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு முனைவர் பட்டம் படிக்கலாம். சென்னை அடையாற்றில் 1971 முதல் இயங்கும் எம்.ஐ.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனம் போன்றவை இருக்கின்றன.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பொதுக்கொள்கைப் படிப்பு இப்போது வேண்டாம் என்பேன். பக்கத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளியல் இருக்கிறது.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை. மத்திய அரசு வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் உடல்நலத் தரவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகவே இறக்கலாம். தமிழ்நாட்டை மட்டும் பிரித்து, முதியவர்களின் மருத்துவச் செலவுக்கு ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். சிக்கினாலும் விடாமல் உட்கார்ந்தால் தாராளமாக அனுப்புங்கள். புள்ளியியலைக் கண்டு எழுந்து ஓடினால் இந்த வேலை அவளுக்குச் சரிவராது, எவ்வளவு சமூக அக்கறை இருந்தாலும்.

சரி, பி.எட்.? எம்.ஏ. முடித்த பிறகும் சேரலாம். முதுகலை ஆசிரியர் வேலைக்கு அந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். அதனால் இப்போது எம்.ஏ. படிப்பதால் அந்தக் கதவு மூடிவிடாது.

அப்புறம், திருவாரூரில் எம்.ஏ. சேர்க்கை க்யூட் பி.ஜி. என்ற தேசிய நுழைவுத்தேர்வு வழியாக. நீங்கள் பி.சி. என்றால் மாநிலச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், இ-சேவை மையத்தில் சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள்.