இன்னொரு கையேடு வேண்டாம், முதலில் கால அட்டவணையைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலக் கல்வித் துறையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பின்தங்கும் மாணவர்களுக்குப் படிப்படியாக உதவியைக் கூட்டிக்கொண்டே போகும் எம்டிஎஸ்எஸ் முறையைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த உதவுவது எங்கள் பிரிவின் வேலை. ஆட்கள் மொத்தம் நாலு பேர். தடியான கையேடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, யாரும் புரட்டுவதில்லை. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் இஷ்டத்துக்கு நடத்துகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், அந்தக் கையேட்டைத் திருத்தி எழுதும் வேலையில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஒரு வருடம் போய்விடும், திருத்திய கையேட்டையும் யாரும் புரட்ட மாட்டார்கள்.

இந்த முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முதல் அடுக்கு என்பது வகுப்பில் எல்லோருக்கும் நடக்கும் பாடம். அதில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிறு குழுவாக உட்கார வைத்துக் கூடுதலாகச் சொல்லித் தருவது இரண்டாம் அடுக்கு. அதுவும் போதாதவர்களுக்கு இன்னும் தீவிரமாக, ஏறக்குறைய தனித்தனியாகத் தருவது மூன்றாவது. ஆண்டுக்கு மூன்று முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சின்னப் பரிசோதனை (ஸ்கிரீனிங்) வைத்து யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பார்கள். படிப்பு சம்பந்தப்பட்ட பகுதியை முன்பு ஆர்டிஐ என்றே சொல்லி வந்தார்கள், இப்போதும் பலர் சொல்கிறார்கள் (நம் ஊர்த் தகவல் உரிமைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அடுக்கு என்பது உதவியின் பெயர், பிள்ளையின் பெயர் அல்ல. "இவன் மூன்றாம் அடுக்குப் பையன்" என்று ஆசிரியர் அறையில் பேச்சு கேட்டால் அங்கே ஏதோ கோணலாகப் போகிறது என்று அர்த்தம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பயிற்சி ஸ்லைடுகளில் எல்லாம் முக்கோணப் படம் போட்டு 80, 15, 5 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள், அதாவது 80 பேருக்கு முதல் அடுக்கே போதும், 15 பேருக்கு இரண்டாவது, 5 பேருக்கு மூன்றாவது. நிஜப் பள்ளிக்குப் போனால் முக்கோணம் தலைகீழாக நிற்கும். 24 பேர் உள்ள ஒரு வகுப்பில் இலையுதிர்காலப் பரிசோதனையில் 12 பேர், உதவி தேவை என்று காட்டும் எல்லைக்குக் கீழே வந்தால், நாலு நாலு பேராக மூன்று குழு, குழுவுக்கு அரை மணி நேரம், ஆக தினமும் ஒன்றரை மணி நேரம் வேண்டும், அதை யார் எப்போது எடுப்பது? எடுக்க முடியாது. அதனால் எல்லோரும் காகிதத்தில் மட்டும் எடுப்பார்கள். வகுப்பில் பாதிப் பேர் தடுமாறினால் அது இரண்டாம் அடுக்குக்கான பிரச்சினையே இல்லை, முதல் அடுக்கின் பாடமும் கற்பிக்கும் விதமும்தான் பிரச்சினை. சில மாநிலங்கள் இதைச் சொல்லத் தயங்கி, மாவட்டங்களுக்குக் கூடுதல் மென்பொருளை வாங்கித் தந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன.

மிசிசிப்பி வேறு மாதிரி செய்தது. 2013-ல் வந்த வாசிப்புச் சட்டத்துக்குப் பிறகு மாநிலத் துறையே கோச்களை (ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர்களை)த் தேர்ந்தெடுத்து, எல்லாப் பள்ளிகளுக்கும் பரப்பாமல், மிக மோசமான நிலையில் இருந்த பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆசிரியர்களுக்கு வாசிப்பு எப்படி நிகழ்கிறது என்பதிலேயே ஆழமான பயிற்சி, அதாவது முதல் அடுக்கைச் சரிசெய்யும் வேலை. அடுக்கு முறைக்கும் தனி விதி உண்டு: தீவிர உதவி தொடங்கி எட்டு வாரத்துக்குள் ஒரு முறை, பதினாறு வாரத்துக்குள் இன்னொரு முறை பள்ளிக் குழு உட்கார்ந்து, பலன் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். தேசிய அளவிலான நேப் தேர்வில் அந்த மாநிலத்தின் நான்காம் வகுப்பு வாசிப்புச் சராசரி 2013-ல் 209, 2019-ல் 219, அதாவது தேசியச் சராசரிக்குச் சமம். அதே சட்டம் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களை நிறுத்தியும் வைக்கிறது, எனவே எல்லாப் புகழையும் கோச்களுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் நாலு பேர் உள்ள பிரிவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகாதீர்கள். ஐந்தாறு மாவட்டங்களை எடுங்கள், அங்கேயும் பள்ளிப் பள்ளியாக அலையாமல் மாவட்ட அலுவலகத்தில் இதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட்ட ஒருவரைத் தயார் செய்யுங்கள். அப்படி ஒருவரை ஒதுக்க மாட்டேன் என்கிற கண்காணிப்பாளர் (மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரி) இருக்கும் மாவட்டம் இந்த ஆண்டு வேண்டாம். பணம் எங்கே என்று கேட்பார்கள். சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சி நிதியில் 15 சதவீதம் வரை, சிறப்புக் கல்வியில் சேராத ஆனால் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் செலவிட, சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டமான 'ஐடியா' இடம் தருகிறது. இது தெரியாத மாவட்ட அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

அப்புறம், கணக்கு எதை எடுப்பது? மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். 2015-ல் கூட்டாட்சிக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம் 13 மாநிலங்களில் 146 பள்ளிகளைப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் உதவிக்கு அனுப்பப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள், கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களைவிட முன்னேறவில்லை, கொஞ்சம் பின்தங்கியே போனார்கள். எம்டிஎஸ்எஸ் பிரியர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. காரணம் பற்றி இன்னும் வாதம் ஓடுகிறது, ஆனால் அதே அறிக்கையில் ஒரு விவரம் கண்ணை உறுத்துகிறது: பல பள்ளிகளில் இந்த உதவியில் ஒரு பகுதியாவது வாசிப்புப் பாட நேரத்திலேயே நடந்தது. கூடுதலாகக் கிடைக்க வேண்டியது பாடத்துக்குப் பதிலாகக் கிடைத்தால் அதற்குப் பெயர் கூடுதலா? ஆகவே மாவட்டத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது: இந்த மாதம் எத்தனை அமர்வு திட்டமிட்டீர்கள், எத்தனை நடந்தது, எந்தப் பாட நேரத்தில் பிள்ளையை வெளியே எடுத்தீர்கள். ஒரு பக்கம் போதும்.

இனி வருவது சட்டச் சிக்கல், இதில் அலட்சியம் வேண்டாம். டெக்சாஸில் மாநிலத் துறை 2004-ல் சிறப்புக் கல்வி பெறுவோரின் விகிதத்துக்கு 8.5 சதவீதம் என்று, அதற்கு மேல் போகக் கூடாது என்கிற மாதிரி ஓர் அளவுகோல் வைத்தது. 2016-ல் அதைப் பத்திரிகை வெளிக்கொண்டு வந்தது. 2018 ஜனவரியில் மாநிலம் சட்டத்தை மீறியது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை விசாரித்துச் சொன்னது. அங்கே பிள்ளைகளை, சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் தள்ளிப்போட உதவிய கருவிகளில் ஒன்று இந்த ஆர்டிஐ. இத்தனைக்கும், அடுக்கு உதவியைக் காட்டி மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று 2011 ஜனவரியிலேயே எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை போயிருந்தது. உங்கள் மாநிலத்திலும் "முதலில் மூன்று அடுக்கையும் முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பெற்றோரிடம் சொல்லும் பள்ளி நிச்சயம் இருக்கும். குறைபாடு இருக்கலாம் என்ற சந்தேகத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் மதிப்பீடு கேட்கலாம், உதவி ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கட்டும் என்று நாலே வரியில் எழுதி, சிறப்புக் கல்விப் பிரிவின் கையெழுத்தையும் வாங்கி எல்லாத் தலைமை ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள். வீட்டில் தமிழோ ஸ்பானிஷோ பேசும் பிள்ளை ஆங்கிலப் பரிசோதனையில் தடுமாறினால் அது மொழி பழகும் கட்டமா, வேறு சிக்கலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

முதல் கூட்டத்துக்கு நீங்கள் ஸ்லைடு எதுவும் கொண்டுபோக வேண்டாம். மாவட்டத்துக்காரர்களை ஒரே ஒரு பள்ளியின் கால அட்டவணையையும் அதன் இலையுதிர்காலப் பரிசோதனை முடிவையும் எடுத்துவரச் சொல்லுங்கள், இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச ஆரம்பியுங்கள்.