இரண்டாவது கேட்சர் என்றால் வேறு இடத்துக்கு மாறிவிடலாமா?

மகன் பள்ளி பேஸ்பால் அணியில் இரண்டாவது கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் குந்தி, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர்) பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான், ஓடிப் பந்து பிடிக்க வேண்டிய வெளிப்புறத்துக்கு, அதாவது அவுட்ஃபீல்டுக்கு, மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டம் சுமார், கை மட்டும் பலம் என்று நீங்களே எழுதியிருக்கும்போது எதற்கு மாற்றுவது?

ஒன்பது இன்னிங்ஸும் குந்தியே இருக்கிற வேலை அது. இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் மதியமே ஆட்டம் என்றால் முதல் கேட்சருக்குப் பெரும்பாலும் ஓய்வுதான், அதனால் இரண்டாவது ஆள் இல்லாத அணியே அமெரிக்கப் பெரிய லீக்கில் (மேஜர் லீக்) கிடையாது. டேவிட் ராஸின் மட்டைச் சராசரி வெறும் .229, ஆனாலும் 2002 முதல் 2016 வரை ஏழு அணிகளில், பெரும்பாலும் மாற்று கேட்சராகவே, காலம் தள்ளினார். பிட்சர் ஜான் லெஸ்டருக்கு முதல் பேஸுக்கு எறிவதென்றாலே தகராறு, அங்கே நிற்கிற எதிரணி ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடப் பார்ப்பார். அந்த ஓட்டையை அடைத்தது ராஸின் கைதான். 2016 உலகத் தொடரின் (பெரிய லீக்கின் இறுதிப் போட்டி) ஏழாவது ஆட்டத்தில் இருவரும் ஐந்தாவது இன்னிங்ஸில் ஒன்றாக இறங்கினார்கள், வந்தவுடன் ராஸ் தப்பாக எறிந்தார், அடுத்து லெஸ்டர் போட்ட பந்து அவர் முகமூடியில் பட்டுத் தெறித்து எதிரணிக்கு இரண்டு ரன் போனது, சரி, தொலைந்தது என்று பார்த்தால் அடுத்த இன்னிங்ஸிலேயே ராஸ் அடித்தார் ஹோம் ரன்! அப்போது அவர் வயது 39.

பொறுமைக்கு இன்னொரு கேட்சர், எரிக் கிராட்ஸ்: 2002 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) 29ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர், பெரிய லீக்கில் கால் வைத்தது 2010இல், முப்பது வயதில்.

அப்புறம், பயிற்சியாளரிடம் புல்பெனில் (பிட்சர்கள் எறிந்து பழகும் இடம்) எல்லாப் பிட்சர்களுக்கும் பந்து பிடிக்க விடச் சொல்லுங்கள். யார் பந்து எப்படி வளைகிறது என்று தெரிந்த பையனைக் கழற்றிவிட யோசிப்பார்கள்.