அறுபது கம்பெனிக்கு ஒரே மெயில்

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓராண்டு சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மெஷின்) ஆபரேட்டராக இருந்தேன். அறுபது கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தும் ஒரு பதில்கூட வரவில்லை. அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன். கோளாறு எங்கே?
– வாசகர், தாராபுரம்

பதில்: முகவரியிலேயே தொடங்குகிறது. அறுபது முகவரிகளையும் ஒரே மெயிலில் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். பார்ப்பவருக்கு மற்ற ஐம்பத்தொன்பதும் தெரியும். கல்யாணப் பத்திரிகைக்கே உறைமேல் பெயர் எழுதித்தானே கொடுக்கிறோம்?

அடுத்து, பொருள் வரி. 'வேலை வேண்டி' என்றால் எந்த வேலை? 'சி.என்.சி. டர்னிங் ஆபரேட்டர், 1 ஆண்டு அனுபவம், உடனே சேரலாம்' என்று போடுங்கள். செல்போனில் பார்ப்பவருக்கு மெயிலைத் திறக்காமலே தெரிவது அதுவும் முதல் வரியும்தான். உங்கள் மெயிலில் முதல் வரியே இல்லை. கடிதத்தை 'நியூ ஃபைனல் 2' என்ற வேர்டு ஃபைலில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கடிதம் மெயிலுக்குள்ளேயே இருக்கட்டும். பயோடேட்டா மட்டும் பி.டி.எஃப். ஆக, உங்கள் பெயரில் போகட்டும்.

அந்தக் கடிதத்தில் 'கடின உழைப்பாளி' இரண்டு முறை வருகிறது. ஓராண்டு ஓட்டிய மெஷின் ஒருமுறைகூட வரவில்லை! மெஷினில் இருந்தது ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலா, சீமென்ஸா? வெறும் லோடிங், அன்லோடிங்கா, செட்டிங்கும் போடுவீர்களா? இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றியபின் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பீர்களா? கடைந்தது வார்ப்பிரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? எத்தனை மைக்ரானுக்குள் அளவு பிடித்தீர்கள், ஷிப்டுக்கு எத்தனை பீஸ்? மெஷின் ஷாப் சூப்பர்வைசர் தேடுவது இதைத்தான். நான்கைந்து வரி போதும். தெரியாததை எழுதிவிடாதீர்கள். நேர்காணலுக்குப் போனதும் மெஷின் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

சாதி, மதம், ஆதார் நகல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வேலை உறுதியாகுமுன் ஆதாருக்கு அங்கே வேலையில்லை.

இனி பத்துப் பத்தாக, தனித்தனியே அனுப்புங்கள். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்து ஒரு வரியாவது மாற்றுங்கள். பம்பு செய்பவர்களுக்கு ஷாஃப்ட் கடைந்த அனுபவம் முதலில் வரட்டும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி எழுதலாம். போன் செய்வதானால் ஷிப்ட் மாறும் நேரம் வேண்டாம்.

இன்னொன்று. கடிதத்தின் அடியில் உள்ள உங்கள் செல்போன் எண்ணை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது.