உயிரி ஹைட்ரஜன்தான் படிப்பேன் என்கிறாளா மகள்?

பிளஸ் டூ முடிக்கும் மகள் கழிவுநீரில் நுண்ணுயிரைக் கொண்டு ஹைட்ரஜன் எடுக்கும் துறைக்குத்தான் போவேன் என்கிறாள், அதில் வேலை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அந்த ஒரு வேலைக்கென்று ஆளெடுக்கும் தொழிற்சாலைகள் இன்னும் உருவாகவில்லை. ஆய்வகங்களும் முன்னோடித் திட்டங்களும்தான் இருக்கின்றன. ஆனால் அவள் கற்கப்போகும் காற்றில்லா ரியாக்டர் (காற்றுப் புகாத கலத்தில் நுண்ணுயிர் கழிவைச் செரிக்கும் அமைப்பு) வேலைக்கு ஆள் தேவை உண்டு. அதனால் ஆசையைத் தடுக்க வேண்டாம், படிப்பை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

தொழில் ஏன் வளரவில்லை என்பதை ஒரு கணக்கு சொல்லிவிடும். ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், முழுக்க அசிட்டிக் அமில வழியில் நொதித்தால் 4 மோல் ஹைட்ரஜன் வரும். பியூட்ரிக் அமில வழியில் போனால் 2 மோல்தான். நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் 2-ஐ ஒட்டியே நிற்கும். 4 வந்தால்கூட சர்க்கரையின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் வாயுவாகிறது, மீதி அமிலமாக நீரிலேயே தங்கிவிடுகிறது. அதே சர்க்கரையை மீத்தேனாக்கினால் கோட்பாட்டளவில் 95 சதவீதம் வரை வாயுவில் சேரும். சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் மீத்தேனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஹைட்ரஜன் ரியாக்டருக்குப் பின்னால் அந்த அமிலத்தைத் தின்ன ஒரு மீத்தேன் ரியாக்டர் வேண்டும். இரண்டையும் இயக்கத் தெரிந்தவருக்கே இங்கே மதிப்பு.

பெரிய அளவில் முயற்சியே நடக்கவில்லை என்றும் எண்ண வேண்டாம். சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தினர் 100 கன மீட்டர் ரியாக்டரில் வடிசாலைக் கழிவைக் கொண்டு 40 மணி நேரத்தில் சுமார் 21 கிலோ ஹைட்ரஜன் எடுத்ததை 2008-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

ஆய்வகத்தில் அவள் கை வைக்கப்போகும் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். சாண எரிவாயுக் கலத்தின் கசடை 90 முதல் 100 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை சூடாக்குவார்கள். ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் உண்டாக்கும் உயிரிகளுக்கு வெப்பம் தாங்கும் வித்து (ஸ்போர்) கிடையாது, செத்துப்போகும். ஹைட்ரஜன் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வித்தாக மாறித் தப்பிவிடும். 120 மில்லி கண்ணாடிக் குப்பியில் 60 மில்லி கரைசல், 0.3 கிராம் குளுக்கோஸ், பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5. நைட்ரஜன் ஊதி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, பியூட்டைல் ரப்பர் மூடியும் அலுமினிய வளையமும் போட்டு இறுக்கி, 37 டிகிரியில் வைப்பார்கள். மூடியில் கண்ணாடி சிரிஞ்சைக் குத்தினால் வாயு அழுத்தத்தில் உள்தண்டு தானாகவே பின்னால் நகரும். 2 மோல் கணக்கில் இதிலிருந்து சுமார் 75 மில்லி ஹைட்ரஜன், அதே அளவு கரியமில வாயு. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

கெட்டுப்போக வழிகள் நிறைய. சிலிக்கோன் ரப்பர் குழாய் போட்டால் வாயு அதன் சுவர் வழியாகவே கசிந்துவிடும். பி.எச். 4.5-க்குக் கீழே இறங்கினால் நொதித்தல் படுத்துவிடும். கழிவைச் சூடாக்காமல் ஊற்றினால் லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைப் பங்கு போடும். ஹைட்ரஜன் ஏறிப் பிறகு இறங்கி, மீத்தேனும் இல்லாமல் அசிட்டிக் அமிலம் மட்டும் கூடினால், ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து அசிட்டேட்டாக்கும் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பொருள். ஒருமுறை சூடாக்கியதோடு பிரச்சினை தீராது. இடைவிடாமல் கழிவுநீர் உள்ளே வந்து வெளியேறும் தொடர் ரியாக்டரில் அது தங்கும் நேரத்தை 6 முதல் 12 மணிக்குள் வைத்தால்தான், மெதுவாக வளரும் மீத்தேன் உயிரிகள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டு வெளியே போகும்.

இனி படிப்பு. எங்கள் முதல் பரிந்துரை கெமிக்கல் இன்ஜினியரிங், அடுத்தது பயோடெக்னாலஜி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி மற்றும் சுற்றுச்சூழல் பொறியியலையும் பாருங்கள். 'ஹைட்ரஜன்' என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்பைத் தேடி ஓட வேண்டாம், அந்தப் பெயர் வேலைக் கதவைக் குறுக்கிவிடும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் காற்றில்லா ரியாக்டர் இருக்கிறதா? வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில், மாதிரியைச் சுமந்து செல்லும் கேரியர் வாயு என்ன? வெப்பக் கடத்தல் டிடெக்டரில் ஹீலியம் ஓடினால் ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது, இரண்டின் வெப்பக் கடத்துதிறனும் அருகருகே இருக்கிறது. நைட்ரஜன் அல்லது ஆர்கான் என்ற பதில் வந்தால் அங்கே ஹைட்ரஜனை அளக்கத் தெரிந்தவர் இருக்கிறார்.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய். அதன் கவனம் பெரும்பாலும் நீரை மின்சாரத்தால் பிரிப்பதில்தான் இருக்கிறது. உயிர்த்திரளில் (பயோமாஸ்) எடுப்பதும் பசுமை ஹைட்ரஜன் வரையறைக்குள் வருகிறது என்றாலும், இயக்கத்தின் பெயரை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். பட்டம் முடித்ததும் வேலை கிடைக்கும் இடங்கள் வடிசாலை, சர்க்கரை ஆலை, அழுத்தப்பட்ட உயிரிவாயு நிலையம், மாநகராட்சிக் கழிவுத் திட்டம் போன்றவை. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி முதுநிலை, பிறகு முனைவர் பட்டம். நெட் (NET) தேர்வு வழி ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு நாள் அவளை எரிவாயுக் கலம் உள்ள ஆலைக்கு அழைத்துப் போங்கள். அங்கே வாடை அடிக்கும். பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு லாக் புத்தகத்தை அவளே புரட்டட்டும்: தினமும் ஊற்றிய கழிவு, பி.எச்., ஆவியாகும் அமிலம், வந்த வாயு. வாயு இறங்கிய நாளுக்கு முன்தினம் என்ன மாறியது என்று அவளாகவே தேடிக் கேட்டால், தயங்காமல் கெமிக்கல் சீட்டை முதல் விருப்பமாகக் கொடுங்கள்.